தலை முழுக்கைக் குறைப்பது எப்படி? வன்னித் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில், எங்கள் பேச்சில் குளிப்பதற்கு மூன்று சொல் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே தண்ணீர் வார்த்தால் மேல் கழுவுதல். தலையோடு வார்த்தால் தோய்தல். சீயாக்காயோ அரப்போ தேய்த்து எண்ணெய் போகக் கழுவினால் முழுக்கு. "இண்டைக்குத் தோய்ஞ்சனியோ, முழுகினனியோ?" என்று அம்மம்மா கேட்டால் அது இரண்டு வேறு கேள்வி. வயலால் வந்த சனம் நாளாந்தம் தோய்ந்தார்கள். முழுகியதோ வாரத்தில் இரண்டு நாள்தான்: பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும்.

ஷாம்பு பக்கற் கடைகளில் தொங்கத் தொடங்கிய பிறகு தோய்தலும் முழுக்கும் ஒன்றாகிவிட்டன. தலையில் தண்ணீர் பட்டாலே ஷாம்புவும் போட வேண்டும் என்று கை பழகிவிட்டது. இந்த வழிகாட்டியில் நான் குறைக்கச் சொல்வது முழுக்கை மட்டும். தலையைத் தண்ணீரால் அலசுவதைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு விளங்கினால் மற்றதெல்லாம் இலகு.

நான் முரசுமோட்டையிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறவள். கிரவல் புழுதி, ஹெல்மெட்டுக்குள் வியர்வை. அதனால் ஒவ்வொரு பின்னேரமும் ஷாம்பு போட்டேன். சில மாதங்களில் உச்சந்தலை இழுத்துக் கட்டியது போல இருந்தது. நுனி முடி தும்புபோல ஆனது. சொறியச் சொறிய இன்னும் அரித்தது. "உடுப்புத் தோய்க்கிற மாதிரித் தலையைத் தோய்க்காதை பிள்ளை" என்றா அம்மா. அவ சொன்ன பிறகுதான் ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்த்தேன். கீழே இருப்பது அந்த வரிசை.

தொடங்குமுன் ஒரு தவறான நம்பிக்கையை விடுங்கள்

"ஷாம்பு போடுவதை நிறுத்தினால் தலை பழகிவிடும், எண்ணெய் சுரப்பது தானாகக் குறையும்" என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. மயிர்க்கால்களோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை நடத்துவது பெரும்பாலும் ஓமோன்கள். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருக்கால் முழுகுகிறீர்கள் என்பது சுரப்பிக்குத் தெரியாது. பருவமடையும் வயதில் சுரப்பு கூடும், வயது போகப் போகக் குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறையும். இதில் ஷாம்புவுக்குப் பெரிய பங்கில்லை.

அப்படியென்றால் குறைத்து என்ன பயன்? சுரப்பி மாறாவிட்டாலும் தோலும் முடியும் தேறும். ஷாம்புவில் இருக்கும் அழுக்கு நீக்கி, அழுக்கோடு சேர்த்துத் தோலின் மேற்படையிலுள்ள கொழுப்பையும் கொண்டுபோகும். தினமும் போனால் வறட்சி, எரிவு, அரிப்பு. முடித் தண்டு உயிரற்ற பொருள். அதில் ஏற்பட்ட தேய்மானம் தானாக ஆறாது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் முடி வளர்கிறது. அப்படிப் பார்த்தால் இடுப்புவரை தொங்கும் பின்னலின் நுனிக்கு நாலைந்து வயது. அத்தனை வருடத்து முழுக்கையும் அது தாங்கியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று முழுக்கை மிச்சம் பிடித்தால் அந்த நுனிக்கு அது பெரிய ஆறுதல்.

முதற்படி: இது உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

சுருள் முடி, அடர்ந்த தடித்த முடி, வறண்ட தலை, சாயம் பூசிய முடி, நாற்பது கடந்தவர்கள்: இவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முழுக்கு பெரும்பாலும் போதும். மெல்லிய, நேரான முடியில் எண்ணெய் வேரிலிருந்து கெதியாக இறங்கிவிடும். அவர்களுக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் தேவைப்படலாம். அதில் பிழை ஒன்றுமில்லை.

குறைக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். பொடுகு, எங்கள் பேச்சில் சொடுகு, மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு உதிர்கிறவர்கள் முதலில் அதை மாற்ற வேண்டும். மலசீசியா என்ற ஒருவகை மதுவம் (ஈஸ்ட்) எல்லோருடைய தலையிலும் வாழ்கிறது. அதன் சாப்பாடே தலை எண்ணெய்தான். அது எண்ணெயை உடைக்கும்போது வெளிவரும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. தோல் செதிலாக உரிகிறது. இப்படிப்பட்ட தலையைக் கழுவாமல் விட்டால் மதுவத்துக்கு விருந்து வைத்தது போலாகும். எண்ணெய் தேய்த்து ஊறவிட்டால் இன்னும் மோசம். "தலை காய்ஞ்சுபோச்சு, எண்ணெய் வை" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் வறட்சியால் உதிரும் செதில் பொடியாக, வெள்ளையாக, எண்ணெயில்லாமல் இருக்கும். விரலால் தேய்க்கப் பசையாக ஒட்டினால் அது வறட்சி இல்லை.

சொடுகுக்குக் கீட்டோகொனசோல் 2 வீதம் சேர்ந்த ஷாம்பு பாமசியில் கிடைக்கும். வாரத்துக்கு 2 தடவை, 2 முதல் 4 வாரம். தலையில் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பலர் உடனே கழுவிவிட்டு "மருந்து கேக்கேல்லை" என்பார்கள். அந்த நிமிடங்கள்தான் மருந்து. அடங்கிய பிறகு இந்த வழிகாட்டிக்குத் திரும்புங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009இல் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது குடிக்கும் தண்ணீருக்கே வரிசை. கிழமைக்கணக்காகத் தலையில் தண்ணீர் படவில்லை. பேனும் புண்ணும் வந்து, அம்மா என்னுடைய பின்னலைக் காதோடு வெட்டினா. வெட்டும்போது அவ அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே "கழுவாமல் விடுவது ஆரோக்கியம்" என்று யாராவது பொத்தாம் பொதுவாகச் சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கழுவாத தலை வேறு, அளவாகக் கழுவும் தலை வேறு.

இரண்டாம் படி: உங்கள் கிணற்றுத் தண்ணீரை அறியுங்கள்

வெளியூர்க் குறிப்புகள் எங்களுக்குச் சரிவராமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பூநகரி, மன்னார்ப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். உள்வன்னியில் பாறை வேறு, ஆனாலும் வரண்ட வலயக் கிணறுகள் பலவற்றில் கல்சியமும் மக்னீசியமும் கூட. கரையோரத்தில் சவர் வேறு. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தது, கல்சியமும் மக்னீசியமும் கூடிய இந்தத் தண்ணீரைத்தான்.

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு வெறும் போத்தலில் முக்கால்வாசி கிணற்றுத் தண்ணீர் விட்டு, சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை வராமல் பால்போலக் கலங்கினால் வன்னீர். அந்தக் கலங்கல்தான் சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்த கசடு. சவர்க்காரக் கட்டியால் தலை கழுவினால் அதே கசடு ஒவ்வொரு மயிரிலும் படியும். தலை பிசுபிசுக்கும், சீப்பில் சாம்பல் நிறத்தில் அழுக்கு வரும். "இன்னும் ஊத்தை போகேல்லை" என்று திரும்பவும் சவர்க்காரம் போடுவோம். இன்னும் படியும்.

அதனால் மாற்றத்தின் முதல் வேலை, உடம்புச் சவர்க்காரத்தைத் தலைக்குப் போடுவதை நிறுத்துவது. அதன் பீஎச் அளவு (7க்கு மேல் காரம், கீழ் அமிலம்) 9, 10 என்று நிற்கும். தலைத் தோலுடையது ஏறத்தாழ 5.5. முடித் தண்டுடையது இன்னும் கீழே, 3.7 அளவில். காரம் பட்டால் முடியின் மேற்செதில்கள் எழும்பி ஒன்றோடொன்று உரசிச் சிக்கும். ஷாம்பு வன்னீரில் அவ்வளவாகக் கசடு கட்டாது, சீயாக்காயில் நுரை தரும் பொருளான சப்போனினும் அப்படித்தான்.

கடைசி அலசலுக்கு ஒரு தேசிக்காயில் பாதியை 2 லீற்றர் தண்ணீரில் பிழிந்து, வடித்து, முடியில் ஊற்றி, உடனே நல்ல தண்ணீரால் கழுவலாம். அந்தப் புளிப்பு படிவைக் கரைக்க உதவும், முடிச் செதிலைப் படியவைக்கும். ஆனால் சாற்றை நேராகத் தலையில் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்கவே கூடாது. தேசிச் சாறு தோலில் இருக்கும்போது வன்னி வெயில் பட்டால் சூடுபட்டது போலக் கொப்புளம் வந்து, அந்த இடம் மாதக்கணக்காகக் கறுத்துக் கிடக்கும். நெற்றியையும் காதுமடலையும் கவனமாகக் கழுவுங்கள். தலையில் புண் இருந்தால் தேசிக்காயே வேண்டாம்.

மாரியில் கூரைத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மழைத்தண்ணீரில் முழுகினால் முடி பஞ்சுபோல இருக்கிறது என்பது மனப்பிரமை இல்லை, அதில் கல்சியம் மிகக் குறைவு. முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். தண்ணீர் பிடிக்கும் பரலுக்கு நுளம்பு போகாத மூடி கட்டாயம்.

மூன்றாம் படி: இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்

கலண்டரில் முழுகிய நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். தினமும் ஷாம்பு போடுகிறவர் முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட ஒருநாள் போடட்டும். அடுத்த இரண்டு கிழமை மூன்று நாளுக்கு ஒருக்கால். அதன் பிறகு, தலை ஒத்துக்கொண்டால், கிழமைக்கு இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் விரல்நுனியால் உச்சியையும் பிடரியையும் காதுக்குப் பின்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். மணத்தையும் பாருங்கள். அரிப்பு கூடினால், செதில் தெரிந்தால், புளித்த மணம் வந்தால் நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு படி திரும்பி வந்து அங்கேயே நில்லுங்கள். எனக்கு அந்த எல்லை மூன்று நாள். நாலாம் நாள் பிடரி அரிக்கும். அம்மாவுக்கு ஏழு நாளும் சுகமாகப் போகும். ஒரே கிணறு, ஒரே வீடு, இரண்டு தலை.

இந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் பயப்படும் ஒன்று உண்டு. முழுகும் நாளில் கைநிறைய முடி வரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது வழமை. தினமும் கழுவும்போது அது தினமும் போனது. இப்போது மூன்று நாளுக்குரியது சேர்ந்து வருகிறது. வகிடு அகலாமல், நெற்றி ஏறாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

நான்காம் படி: முழுகாத நாட்களில் என்ன செய்வது

வியர்த்தால் தோயுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது, ஆனால் வியர்வை உப்பையும் புழுதியையும் எடுத்துவிடும். நாற்று நட்டுவிட்டு, கச்சான் (நிலக்கடலை) பிடுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு இது தினமும் தேவை. விரல்நுனியால் மயிர்க்கால்களுக்குள் தண்ணீர் போக அளைந்து விட்டால் போதும்.

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று எனும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வீதிப் புழுதி வேருக்குள் அப்பிவிடும். பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுங்கள். துணியைத் தினமும் தோய்க்கலாம், ஹெல்மெட்டின் உள்மெத்தையைத் தோய்ப்பது கடினம். ஹெல்மெட்டை இரவில் கவிழ்த்து மூடி வைக்காமல் காற்றுப்பட வையுங்கள். மற்றவருடைய ஹெல்மெட்டை வாங்கிப் போட நேர்ந்தால் இந்தத் துணி இன்னும் அவசியம்.

இரவில் தலை இழுங்கள். அகலப் பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேரிலிருந்து. இப்படி இழுக்கும்போது வேரில் தேங்கிய எண்ணெய் நுனிவரை போகும், புழுதியும் விழும். சீப்பைக் கிழமைக்கொருக்கால் ஷாம்புத் தண்ணீரில் ஊறவிட்டுத் தேயுங்கள். ஊத்தைச் சீப்பால் இழுத்தால் முழுகியும் முழுகாதது போலத்தான். தலையணை உறைக்கும் அதே கணக்கு.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், சனத்துக்குள்ளும் புழுதிக்குள்ளும் கர்ப்பூரப் புகைக்குள்ளும் நின்று வந்தால் கலண்டர் வட்டத்தைப் பார்க்காதீர்கள். அன்றைக்கு முழுகிவிட்டுப் படுங்கள்.

ஐந்தாம் படி: முழுகும் நாளில் சரியாக முழுகுங்கள்

குறைவாக முழுகுகிறவர் முழுகும்போது நன்றாக முழுக வேண்டும்.

முதலில் உலர்ந்த தலையிலேயே சிக்கெடுங்கள். ஈர முடி இழுபட்டு இலகுவில் அறும். பிறகு தேங்காயெண்ணெயைத் தோள் மட்டத்திலிருந்து நுனிவரை தடவி அரைமணி நேரம் விடுங்கள். தேங்காயெண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் முடித் தண்டுக்குள்ளேயே போகக்கூடியது. கழுவும்போது முடியின் புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் அப்படி உள்ளே போவதில்லை. சொடுகு வரும் தலையென்றால் எண்ணெய் தோலில் வேண்டாம், முடியில் மட்டும். நல்லெண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் உள்ளவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். வையுங்கள், ஆனால் அன்றைக்கே முழுகி எடுத்துவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு மூன்று நாள் புழுதிக்குள் திரிய வேண்டாம்.

ஷாம்பு என்றால் ஒரு தேக்கரண்டி அளவை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்து, வேருக்கு மட்டும் ஊற்றித் தேயுங்கள். நகம் படவே கூடாது, விரலின் சதை மட்டும். இரண்டு நிமிடம். நுனிக்குத் தனியாகப் போட வேண்டாம், வழிந்து வரும் நுரையே போதும். தேய்த்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் மிஞ்சும் ஷாம்பு காய்ந்து உதிர்வதைச் சொடுகு என்று நினைப்பவர்கள் பலர். கண்டிஷனர் போட்டால் அது நுனிப்பக்கம் மட்டும்.

சீயாக்காய் விருப்பமென்றால் காயை உடைத்து விதையை நீக்கி, ஒரு பிடி வெந்தயத்தோடு இரவில் ஊறவிட்டு, காலையில் அவித்து, கசக்கி, துணியால் இரண்டுதரம் வடியுங்கள். சக்கை தலையில் ஒட்டினால் அதுவே அரிக்கும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், சின்னப் பிள்ளைகளுக்குக் குனிந்து வார்க்காமல் அண்ணாந்து வார்க்க வேண்டும். செவ்வரத்தம் இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பை இதோடு சேர்த்தால் சிக்கு இலகுவாக விடும். இலுப்பை விதையில் எண்ணெய் எடுத்த பிண்ணாக்குத்தான் எங்கள் பெரியவர்கள் சொன்ன அரப்பு. அதிலும் சப்போனின் உண்டு. கழுவிய தண்ணீரை மீன் இருக்கும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள், மீனுக்கு அது நஞ்சு. இவை எல்லாம் ஷாம்புவைவிட மெதுவானவை. அதிகம் எண்ணெய் வைத்திருந்தால் ஒருதரத்தில் போகாது.

துடைப்பதற்குப் பழைய சாரம் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். துவாயால் முறுக்கித் தேய்ப்பதைவிட, நைந்த பருத்திச் சாரத்தில் ஒற்றி எடுத்தால் முடி உடையாது. ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள், உள்ளே காயாமல் மணக்கும். மாரியில், மார்கழி தையில், நீண்ட முடி காய நாள் முழுக்கப் போகும். அந்த மாதங்களில் முழுக்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்

பத்து வயதுவரை எண்ணெய்ச் சுரப்பு குறைவு, கிழமைக்கு ஒன்றிரண்டு முழுக்குப் போதும். என்னுடைய பெறாமகளுக்குப் பதின்மூன்று. அவளுக்கு மூன்றாம் நாளே நெற்றிமுடி ஒட்டிவிடும். அவளை என் கணக்குக்கு இழுத்தது என் பிழை. அந்த வயதில் ஒன்றுவிட்ட ஒருநாள் முழுகட்டும். இரட்டைப் பின்னலை நெற்றி இழுபட இறுக்கிக் கட்டாதீர்கள். வருடக்கணக்காக இழுபடும் இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம்.

பேன் ஊத்தைத் தலைக்கு மட்டும் வருவதில்லை. தினமும் ஷாம்பு போட்டாலும் தலையோடு தலை முட்டினால் தொற்றும். தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன்சீப்பால் வேரிலிருந்து இழுங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருக்கால், இரண்டு கிழமைக்குக் குறையாமல். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் எடுப்பதால் ஒருநாளோடு நிறுத்தினால் பயனில்லை. மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் பிள்ளையின் தலையில் படவே வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போவது

வட்டமாக முடி கொட்டி அந்த இடம் வழுவழுப்பாக இருந்தால் புழுவெட்டாக இருக்கலாம். வட்டத்துக்குள் செதிலும் முறிந்த மயிரும் தெரிந்தால், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அது ஷாம்புவால் மட்டும் மாறாது, வாயால் எடுக்கும் மருந்து தேவை. தடித்த வெள்ளிநிறச் செதில் நெற்றியைத் தாண்டி இறங்கினாலும், சீழ் வைத்தாலும், சொடுகு ஷாம்பு ஒரு மாதம் போட்டும் அடங்காவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்படும்போது தோல் வைத்திய நிபுணருக்குக் கடிதம் தருவார்கள்.

போகும் நாளில் தலை முழுகாதீர்கள், எண்ணெயும் வைக்காதீர்கள். செதிலும் சிவப்பும் இருந்தபடியே தெரிய வேண்டும். போட்டுவந்த ஷாம்புப் போத்தலையும், வட்டம் போட்ட கலண்டர் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.